சிலிக்கான் ஆனோடை நீடித்து உழைக்க வைப்பது எப்படி: துகள் தேர்விலிருந்து செல் சோதனை வரை

லித்தியம்-அயனி மின்கலத்தில் சார்ஜ் ஏறும்போது லித்தியத்தை உள்வாங்கும் மின்வாய்தான் ஆனோடு. அதில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 372 மில்லிஆம்பியர்-மணி (இனி மி.ஆ.ம.) கொள்ளும். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் சிலிக்கான் 3,579 மி.ஆ.ம. வரை கொள்ளும். அந்த முழு நிலையில் நான்கு சிலிக்கான் அணுக்களுக்குப் பதினைந்து லித்தியம் அணுக்கள் என்ற கணக்கு. நாலு பேர் வீட்டில் பதினைந்து விருந்தாளிகள் என்றால் சுவர் தாங்காது; இங்கேயும் அதுதான் நடக்கிறது. சிலிக்கானின் பருமன் ஏறக்குறைய 280 சதவீதம் கூடுகிறது, அதாவது 3.8 மடங்காகிறது. கிராஃபைட் ஊதுவதோ 10 சதவீதம்தான்.

இந்த ஊதலால் மூன்று சேதங்கள் வருகின்றன. துகள் உடைகிறது. துகளுக்கும் பக்கத்துத் துகளுக்கும், பூச்சுக்கும் அதைத் தாங்கும் செம்புத் தாளுக்கும் இடையே உள்ள தொடுப்பு அறுகிறது. மூன்றாவதாக, மின்பகுளி (மின்வாய்களுக்கு நடுவே லித்தியத்தைக் கடத்தும் திரவம்) சிதைந்து துகளின் மேல் படியும் எஸ்இஐ என்ற காப்புப் படலம் ஒவ்வொரு சுழற்சியிலும் கிழிந்து, மீண்டும் வளர்கிறது. முதல் இரண்டுக்கும் இன்று ஓரளவு நல்ல மருந்து உண்டு. பெரும்பாலான செல்களைக் கொல்வது மூன்றாவதுதான். படலம் புதிதாக வளரும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியமும் கொஞ்சம் மின்பகுளியும் நிரந்தரமாகச் செலவாகின்றன.

எனவே சிலிக்கான் ஆனோடின் ஆயுளை ஒரு லித்தியக் கணக்குப் புத்தகமாகப் பார்ப்பதே சரி. கூலும் திறன் என்பது உள்ளே போன மின்னேற்றத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற விகிதம். முழுச்செல்லில், அதாவது ஆனோடும் அதற்கு எதிரே உள்ள மின்வாயான கேத்தோடும் சேர்ந்த செல்லில், லித்தியம் கையிருப்பு அளவோடுதான் இருக்கும் என்பதால், 99.9 சதவீதம் என்ற எண் கேட்க அழகாக இருந்தாலும் 500 சுழற்சிகளில் மிஞ்சுவது 61 சதவீதம்தான். 99.95 என்றால் 78 சதவீதம். 500 சுழற்சிகளுக்குப் பிறகு 80 சதவீதம் வேண்டுமென்றால் சராசரி 99.955-க்குக் கீழே போகக் கூடாது. 1,000 சுழற்சிகளுக்கு 99.978. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கடைசி இரண்டு இலக்கங்களுக்கான போராட்டம்.

படி 1: துகளைத் தேர்ந்தெடுத்தல்

படிக வடிவச் சிலிக்கான் துகளின் விட்டம் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால், முதல் முறை லித்தியம் ஏறும்போது அது பிளப்பதில்லை. அதற்கு மேல் போனால் விரிசல் விழுகிறது. இதைப் படித்தவுடன் 20, 30 நானோமீட்டர் பொடியை வாங்கத் தோன்றும். வேண்டாம். துகள் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு ஏறுகிறது: 1 மைக்ரோமீட்டர் உருண்டைக்கு ஒரு கிராமுக்குச் சுமார் 2.6 சதுர மீட்டர், 100 நானோமீட்டருக்கு 26, 50 நானோமீட்டருக்கு 51. எஸ்இஐ படலம் வளர்வது இந்தப் பரப்பின் மேல்தான். மிக நுண்ணிய பொடி உடையாது; ஆனால் முதல் சார்ஜிலேயே லித்தியத்தில் கால் பங்கை விழுங்கிவிடும். 80 முதல் 150 நானோமீட்டர் வரை உள்ள பொடி தொடங்குவதற்கு நியாயமான இடம்.

இன்னொரு வழி சிலிக்கான் ஆக்சைடு. இதன் கொள்ளளவு கிராமுக்கு 1,500 மி.ஆ.ம. அளவில்தான், ஊதலும் தூய சிலிக்கானைவிட வெகு குறைவு. உள்ளே நானோ அளவுச் சிலிக்கான் திட்டுகள், சுற்றிலும் லித்தியம் சிலிக்கேட், லித்தியம் ஆக்சைடு என ஒரு மெத்தை தானாகவே உருவாகிறது. அந்த மெத்தைக்கான விலை முதல் சார்ஜில் வசூலாகிவிடும்: முதல் சுழற்சியின் கூலும் திறன் 70 முதல் 75 சதவீதம்தான். சுழற்சி ஆயுள் முதன்மை, முன்லித்தியமேற்றும் (செல்லைக் கட்டுமுன்பே ஆனோடில் கொஞ்சம் லித்தியம் ஏற்றி வைக்கும்) வசதியும் கையில் உண்டு என்றால் ஆக்சைடு நல்ல தேர்வு. அந்த வசதி இல்லையென்றால் கிராஃபைட்டோடு சிறு விகிதத்தில் கலந்து பயன்படுத்துங்கள்.

நுண்துளைக் கார்பனுக்குள் சிலேன் வாயுவைச் செலுத்தி, துளைகளுக்குள்ளேயே சிலிக்கானைப் படிய வைக்கும் பொருள்கள் இன்று தொழில்துறையில் முன்னணியில் உள்ளன. சிலிக்கான் ஊதுவதற்கான இடம் துளைக்குள்ளேயே இருப்பதால் வெளிப்பரப்பு அதிகம் அசைவதில்லை. ஆனால் சிலேன் காற்றுப் பட்டாலே தீப்பற்றும். அதற்கென்ற வாயு அமைப்பு இல்லாத ஆய்வகம் அந்தப் பக்கம் போகக் கூடாது, பொருளாகவே வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: கார்பன் உறை

வெறும் சிலிக்கானின் மின்கடத்தல் மோசம், மின்பகுளியோடு நேரடித் தொடர்பும் கெடுதல். இரண்டுக்கும் ஒரே மருந்து கார்பன் உறை. எளிய வழி: சிலிக்கான் பொடியோடு எடையில் 5 முதல் 10 சதவீதம் வரும்படி பிட்ச் (தார் போன்ற கரிப்பொருள்) கலந்து, ஆர்கான் ஓட்டத்தில் 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுவது. அசெட்டிலீன் போன்ற வாயுவைச் சிதைத்துப் படியவைத்தால் உறை இன்னும் சீராக வரும்.

உலையின் வெப்பநிலையில் கவனம் தேவை. 1,000 டிகிரியைத் தாண்டினால் சிலிக்கானும் கார்பனும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடாக மாறத் தொடங்கும். அது லித்தியத்தை ஏற்காத, மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாத செத்த எடை. உறை போட்ட பிறகு கொள்ளளவு கணக்கைவிட வெகுவாகக் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

துகளின் மேல் இயற்கையாக இருக்கும் ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடுப் படலத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் கழுவுவது தேவையில்லாத ஆபத்து. அமிலம் உயிருக்கே ஆபத்தானது என்பது ஒரு பக்கம். அந்தப் படலத்தின் ஹைட்ராக்சில் குழுக்கள்தாம் பைண்டர் (துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பசை) பற்றிக்கொள்ளும் கொக்கிகள் என்பது மறுபக்கம்.

படி 3: பைண்டர்

பணமும் நேரமும் குறைவாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது பைண்டரைத்தான். கிராஃபைட்டுக்குப் பழகிய பிவிடிஎஃப் என்ற பாலிமர், சிலிக்கானைப் பலவீனமான ஈர்ப்பால் மட்டுமே பிடித்திருக்கும். மின்பகுளியில் ஊறி இளகும், இழுத்தால் திரும்பாது. பத்திருபது சுழற்சிகளில் கொள்ளளவு சரிந்துவிடும். கார்பாக்சில் குழுக்கள் நிறைந்த பாலிமர்களின் கதை வேறு: பாலிஅக்ரிலிக் அமிலம், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட். இவை சிலிக்கானின் ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்பும், சூடாக்கினால் எஸ்டர் பிணைப்பும் போடுகின்றன. ஹைட்ரஜன் பிணைப்பின் சிறப்பு, அறுந்தாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது. ஊதிச் சுருங்கும் பொருளுக்கு அந்தக் குணம் பெரிது.

ஆனோடில் சிலிக்கான் 5 சதவீதத்துக்குள் என்றால் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும் எஸ்பிஆர் ரப்பரும் சேர்ந்த வழக்கமான கலவையே போதும். 10 சதவீதத்தைத் தாண்டினால் பாலிஅக்ரிலிக் அமிலத்தின் லித்தியம் உப்பு நல்லது. அதைத் தயாரிக்கும் முறை இது.

மூலக்கூறு எடை 4,50,000 அளவிலான பாலிஅக்ரிலிக் அமிலம் 10 கிராம் எடுத்து, 92 கிராம் அயனி நீக்கிய நீரில் மெதுவாகத் தூவி, இரவு முழுக்கக் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே ஜெல்லாகவும் உள்ளே பொடியாகவும் கட்டி தட்டும். அந்தக் கட்டிகள் பூச்சில் புள்ளிகளாகத் தெரியும். தெளிந்த பிறகு லித்தியம் ஹைட்ராக்சைடு ஒற்றை நீரேறியைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். அமிலக் குழுக்களில் 80 சதவீதத்தை நடுநிலையாக்கச் சுமார் 4.7 கிராம் ஆகும். கணக்கை மட்டும் நம்பாமல் பிஹெச் மீட்டரை வைத்து, 6.5-ஐ நெருங்கியதும் நிறுத்துங்கள். கிடைப்பது ஏறக்குறைய 10 சதவீதத் திடப்பொருள் கொண்ட கரைசல்.

முழுதாக நடுநிலையாக்காமல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. காரத்தன்மை ஏறினால் சிலிக்கான் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். கூழ் (பூசுவதற்காகக் கலக்கும் கலவை) நுரைக்கும், பூச்சில் குமிழ்க்குழி விழும், மூடிய பாட்டில் வீங்கும். மாறாக, நடுநிலையாக்காத அமிலத்தை அப்படியே விட்டால் சங்கிலிகள் சுருண்டு கிடக்கும், கூழ் நன்றாக ஓடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் 6.5. முன்கூட்டியே லித்தியம் ஏற்றிய சிலிக்கான் ஆக்சைடைப் பயன்படுத்துபவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதிலிருந்து கசியும் லித்தியம் உப்புகளே கூழைக் காரமாக்கிவிடும்.

படி 4: கூழும் பூச்சும்

எடை விகிதம்: சிலிக்கான் 15, கிராஃபைட் 73, கடத்தும் கார்பன் பொடி 2, பைண்டர் 10. இருபது கிராம் திடப்பொருளுக்கு:

- சிலிக்கான் 3 கிராம்
- கிராஃபைட் 14.6 கிராம்
- கார்பன் பொடி 0.4 கிராம்
- மேலே சொன்ன பைண்டர் கரைசல் 20 கிராம் (இதில் திடப்பொருள் 2 கிராம்)
- கூடுதல் நீர் 12 கிராம்

மொத்தம் 50 கிராம் கூழ், அதில் 40 சதவீதம் திடம்.

பொடியைக் கையாள்வது புகைபோக்கிப் பெட்டிக்குள், முகக்கவசத்தோடு. நானோ சிலிக்கான் மூச்சில் போகும், பறந்தால் தீயும் பிடிக்கும். முதலில் கார்பன் பொடியைப் பாதிப் பைண்டர் கரைசலில் நன்றாகப் பிரித்துவிடுங்கள். பிறகு சிலிக்கான், அதன் பின் கிராஃபைட், கடைசியில் மீதிக் கரைசலும் நீரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் நானோ சிலிக்கான் உருண்டைகளாகத் திரண்டுவிடும். அந்தத் திரளை ஆனோடு ஒரே பெரிய துகளாகத்தான் உணரும், 100 நானோமீட்டருக்குக் கொடுத்த விலை வீண். பந்து அரைவையில் மணிக்கணக்கில் ஓட்டிப் பிரிக்கலாமே என்றால், நெடுநேர அரைவை பைண்டர் சங்கிலிகளை நறுக்கிவிடும். சிலிக்கானை மட்டும் தனியே நீரில் பிரித்துக்கொண்டு, பைண்டரோடு மிதமாகக் கலப்பதே மேல்.

ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய்கள் கிடைத்தால் 0.05 முதல் 0.1 சதவீதம் சேர்த்துப் பாருங்கள். நீளமான இழைகள் என்பதால், துகள்கள் ஊதி விலகினாலும் மின் இணைப்பு அறுவதில்லை. இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பலன் தருவது இந்தத் துறையில் அபூர்வம்.

கலக்கிய கூழை அன்றே பூசிவிடுங்கள், இறுக மூடி வைக்காதீர்கள். 10 மைக்ரோமீட்டர் செம்புத் தாளில், கத்தி இடைவெளியை 100 மைக்ரோமீட்டரில் தொடங்கி, காய்ந்த எடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம் வரும்வரை சரிசெய்யுங்கள். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பான செம்புத் தாள் பளபளப்பானதைவிட நன்றாகப் பிடிக்கும்.

காய வைப்பதில் அவசரம் கூடாது. 60 டிகிரியில் மெதுவாக. வேகமாகக் காய்ந்தால் நீரோடு பைண்டரும் மேலேறி வந்துவிடும், செம்பை ஒட்டிய அடிப்பகுதி வெறுமையாகும். வெட்டும்போதே பூச்சு உதிர்ந்தால் இதுதான் காரணம். வறண்ட குளம்போல வெடிப்பு விழுந்தால் பூச்சு தடிமன் என்று பொருள். கூழில் சிறிது எத்தனால் சேர்த்து நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்தால் அது அடங்கும்.

வட்டங்களாக வெட்டிய பிறகு வெற்றிட அடுப்பில் 120 முதல் 150 டிகிரியில் 12 மணி நேரம். கார்பாக்சில் பாலிமர்கள் நீரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சும் ஈரம் மின்பகுளியின் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட்டோடு வினைபுரிந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமாகும். வெற்றிடமின்றி இந்தச் சூட்டுக்குப் போனால் செம்பு கறுக்கும்.

படி 5: எவ்வளவு அழுத்துவது

கிராஃபைட் ஆனோடைச் செய்து பழகியவர்கள் தவறுவது இங்கேதான். கிராஃபைட்டை உருளையில் கொடுத்து, கன சென்டிமீட்டருக்கு 1.5, 1.6 கிராம் அடர்த்திக்கு நெருக்குவார்கள். சிலிக்கான் கலவைக்கு அது ஏன் ஆகாது என்பதை எளிய கூட்டல் கழித்தலே காட்டிவிடும்.

மேலே உள்ள கலவையில் ஒரு கிராம் பூச்சை எடுத்துக்கொள்வோம். சிலிக்கான் 0.15 கிராம், அடர்த்தி 2.33 என்பதால் 0.064 கன சென்டிமீட்டர். கிராஃபைட் 0.32, பைண்டரும் கார்பனும் சேர்த்து 0.09. மொத்தத் திடப் பருமன் சுமார் 0.48. முழுச் சார்ஜில் சிலிக்கான் 0.18 கூடும், கிராஃபைட் 0.03 கூடும், ஆக 0.21 கன சென்டிமீட்டர் புதிதாக இடம் கேட்கும்.

பூச்சின் அடர்த்தி 1.2 என்றால் மொத்தப் பருமன் 0.83, அதில் காலி இடம் 0.36. கேட்ட 0.21-ஐக் கொடுத்த பிறகும் 0.15 மிஞ்சும், மின்பகுளி ஓட அது போதும். அடர்த்தி 1.5 என்றால் மொத்தப் பருமன் 0.67, காலி இடம் 0.19 மட்டுமே. கேட்பதைவிடக் குறைவு. அப்போது மின்வாயே தடித்து, பிரிப்பானை (இரு மின்வாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய தாளை) நசுக்கி, உள்ளிருக்கும் மின்பகுளியைப் பிழிந்து வெளியேற்றும். நடைமுறையில் ஊதல் முழுவதும் துளைகளுக்குள் அடங்குவதில்லை, கொஞ்சம் தடிமனாகவும் வெளிப்படும். ஆனாலும் 1.1 முதல் 1.3 வரை உள்ள அடர்த்தியில், அதாவது 38 முதல் 47 சதவீதக் காலி இடத்தோடு நிற்க வேண்டியதற்கு இந்தக் கணக்கே போதிய காரணம். லேசாக ஒருமுறை உருளையில் கொடுத்துத் தொடுப்பைச் சீராக்குங்கள், அவ்வளவுதான். சிலிக்கான் விகிதத்தை மாற்றினால் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

படி 6: மின்பகுளி

வழக்கமான கார்பனேட் மின்பகுளியில் (எத்திலீன் கார்பனேட், நேர்ச்சங்கிலிக் கார்பனேட், 1 மோலார் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட்) எடையில் 10 சதவீதம் ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட், சுருக்கமாக எஃப்இசி, சேருங்கள். மற்றக் கரைப்பான்களுக்கு முன்பே இது சிதைந்து, லித்தியம் ஃப்ளூரைடும் நெகிழ்வான பாலிமரும் கலந்த மெல்லிய படலத்தை விரிக்கும். சிலிக்கான் செல்லுக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம்.

ஆனால் எஃப்இசி எரிபொருள் மாதிரி, தீர்ந்துபோகும். ஒரு காயின் செல்லில் (நாணய வடிவச் சிறு சோதனைச் செல்) 40 மைக்ரோலிட்டர் ஊற்றினால் சுமார் 50 மில்லிகிராம் மின்பகுளி, அதில் 5 மில்லிகிராம் எஃப்இசி. ஒரு மூலக்கூறு சிதைவதற்கு ஏறத்தாழ நான்கு எலெக்ட்ரான்கள் என்று கொண்டால், இந்தக் கையிருப்பு 5 மி.ஆ.ம. இழப்பை ஈடுகட்டும். 3 மி.ஆ.ம. அரைச்செல்லில் (கேத்தோடுக்குப் பதில் லித்திய உலோகம் வைத்த செல்) சுழற்சிக்கு 0.3 சதவீதம் இழப்பு என்றால் 500 சுழற்சிகளுக்கு மேல் ஓடும். இதே வேதியியலை ஆம்பியர்-மணிக்கு 3 கிராம் மின்பகுளி என்ற வணிகச் செல் அளவுக்குக் கொண்டுபோனால் கையிருப்பு ஐந்தில் ஒன்றாகக்கூடத் தேறாது. நூறு சுழற்சிகளிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்த அன்று செல் படிப்படியாக இறங்காது, குப்புற விழும். காயின் செல்லில் அற்புதமாக ஓடிய பொருள் பவுச் செல்லில் (பை வடிவச் செல்) திடீரென்று சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆய்வு முடிவை எழுதும்போது மின்பகுளியின் அளவைக் குறிப்பிடாதவர்களின் ஆயுள் எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

எஃப்இசியை 20, 30 சதவீதமாக உயர்த்துவது முழு விடை அல்ல. 45 டிகிரிக்கு மேல் அது சிதைந்து அமிலமும் வாயுவும் தரும், பவுச் செல் உப்பும். வெப்பத்தில் இயங்க வேண்டிய செல் என்றால் 5 சதவீதத்தோடு 1 அல்லது 2 சதவீதம் வினைலீன் கார்பனேட் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள்.

படி 7: முன்லித்தியமேற்றல்

இந்த ஆனோடின் கணக்குக் கொள்ளளவு கிராம் பூச்சுக்கு 808 மி.ஆ.ம.; சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால் 2.4 மி.ஆ.ம. முதல் சுழற்சித் திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே போவது 2.82, திரும்பாதது 0.42. எதிரே இருக்கும் என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் ஆக்சைடு) கேத்தோடும் முதல் சுழற்சியில் பத்துச் சதவீதத்துக்கு மேல் லித்தியத்தைத் திரும்ப ஏற்காது. அந்த உபரி சுமார் 0.25-ஐ ஈடுகட்டிவிடும். உண்மையான பற்றாக்குறை 0.17 அளவில்தான்.

லித்தியத் தாள் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.206 மி.ஆ.ம. கொண்டது. ஆகவே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான லித்தியம் போதும். 20 மைக்ரோமீட்டர் தாளை அழுத்தி ஒட்டினால் 4 மி.ஆ.ம. வந்து சேரும், ஆனோடின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம். ஏற்க இடமில்லாத லித்தியம் உலோகமாகவே நின்று, ஊசி வளர்ந்து, செல்லைக் குறுக்கிணைக்கும். ஆய்வகத்தில் பாதுகாப்பான வழி: லித்திய உலோகத்துக்கு எதிரே அரைச்செல்லாகக் கட்டி, தேவையான மின்னேற்றத்தை மட்டும் சி/20 வேகத்தில் (முழுதாக ஏற 20 மணி நேரம் ஆகும் வேகம்) செலுத்தி, கிளவ் பாக்ஸுக்குள் (ஆர்கான் நிரப்பிய மூடிய பெட்டி) பிரித்து, டைமெத்தில் கார்பனேட்டில் ஒருமுறை அலசி, முழுச்செல்லில் மாற்றுவது. அலுப்பான வேலைதான், அளவு மட்டும் துல்லியமாக இருக்கும்.

படி 8: செல்லைக் கட்டுதல்

அரைச்செல் பொருளின் கொள்ளளவை அறிய உதவும், ஆயுளைச் சொல்லாது. லித்திய உலோகம் வற்றாத ஊருணிபோல எதிரே இருப்பதால், ஒவ்வொரு சுழற்சியிலும் இழந்த லித்தியம் சத்தமின்றி நிரப்பப்படுகிறது. அரைச்செல்லில் 99.5 சதவீதக் கூலும் திறனோடு 200 சுழற்சிகள் நேர்கோடாக ஓடும் ஆனோடு, முழுச்செல்லில் அதே 200-இல் 37 சதவீதத்துக்கு வந்து நிற்கும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. லித்திய உலோகத்தின் மேல் பாசி படிந்து மின்தடை ஏறினால், சார்ஜ் சீக்கிரமே மின்னழுத்த எல்லையைத் தொட்டுவிடும். நன்றாக இருக்கும் சிலிக்கான் கெட்டதுபோலத் தோன்றும்.

முழுச்செல்லுக்குக் கேத்தோடு 14 மில்லிமீட்டர் வட்டம் (1.54 சதுர சென்டிமீட்டர்), ஆனோடு 15 மில்லிமீட்டர். ஆனோடின் விளிம்பு கேத்தோடைச் சுற்றிலும் தாண்டி நிற்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஆனோடு 2.4, கேத்தோடு 2.0 மி.ஆ.ம. என்றால் விகிதம் 1.2. இதை 1.05-க்கு இறக்கினால் சிலிக்கான் விளிம்புவரை நிரம்பும், லித்தியம் படியும். 1.4-க்கு ஏற்றினால் சிலிக்கான் கஷ்டப்படாது. ஆனால் பயன்படாத ஆனோடும் லித்தியத்தைத் தின்னும். பவுச் செல் என்றால் இரு தகடுகளுக்கு நடுவே வில்சுருள் வைத்து லேசான, சீரான அழுத்தம் கொடுங்கள். அசையாத இடைவெளியில் திருகி இறுக்கினால், ஊதும்போது அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும்.

படி 9: மின்னழுத்த எல்லைகள்

செலவே இல்லாத வைத்தியம் இது. லித்தியத்தோடு ஒப்பிட்டு ஆனோடின் மின்னழுத்தம் சுமார் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால், அதுவரை உருவமற்று இருந்த லித்தியம்-சிலிக்கான் கலவை படிகமாக மாறுகிறது. அந்தப் படிகம் திரும்பக் கரையும்போது 0.43 வோல்ட் அருகே தட்டையான ஒரு படி தெரியும், உள் இறுக்கமும் கூடும். எனவே கீழ் எல்லை 50, முடிந்தால் 70 மில்லிவோல்ட். கிராஃபைட்டின் பெரும்பகுதி அதற்கு முன்பே நிரம்பிவிடும்.

மறு எல்லையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜின்போது கிராஃபைட் 0.25 வோல்ட்டுக்குள் காலியாகிவிடும். சிலிக்கான் தன் லித்தியத்தை முக்கியமாக 0.3 முதல் 0.6 வரை விடுகிறது. அதாவது முழுச்செல்லின் கடைசிச் சொட்டுகள் சிலிக்கானிடமிருந்தே பிழியப்படுகின்றன. செல்லின் கீழ் எல்லையை 2.5-இலிருந்து 3.0 அல்லது 3.2 வோல்ட்டுக்கு உயர்த்தினால், சிலிக்கான் முழுதாகச் சுருங்காது, படலமும் அவ்வளவு கிழியாது. இழக்கும் கொள்ளளவு கொஞ்சம், கிடைக்கும் சுழற்சிகள் அதிகம். சிலிக்கானின் 3,579-ஐயும் கறந்தே தீருவேன் என்று நிற்காதீர்கள். 1,500 அளவில் நிறுத்தினாலும் கிராஃபைட்டைப்போல நான்கு மடங்கு.

செல்லைக் கட்டியதும் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு 30 டிகிரியில் சி/20 வேகத்தில் மூன்று சுழற்சிகள், அதன் பின் சி/3. பவுச் செல் என்றால் நடுவே வாயுவை வெளியேற்றி மறுபடி ஒட்டுங்கள். வெப்பநிலை அரை டிகிரிக்குள் நிற்க வேண்டும்; இல்லையென்றால் நாம் தேடும் நான்காவது இலக்கம் அறையின் சூட்டுக்கேற்ப ஆடும். சோதனைக் கருவியிலும் செல்லுக்குப் பொருத்தமான மிகச் சிறிய மின்னோட்ட வரம்பையே தேர்ந்தெடுங்கள்.

எங்கே கெட்டது என்று கண்டுபிடித்தல்

வரைகோட்டின் வடிவமே பாதி விடையைச் சொல்லும். முதல் ஐந்து பத்துச் சுழற்சிகளில் சரிந்து பிறகு நிலைத்தால், சில துகள்கள் தொடர்பறுந்துவிட்டன: பைண்டர், கலக்கல், அடர்த்தி மூன்றையும் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே சீராக இறங்கினால் லித்தியம் கசிகிறது: துகளின் பரப்பும் மின்னழுத்த எல்லையும். நன்றாக ஓடித் திடீரென்று விழுந்தால் எஃப்இசி தீர்ந்தது. கூலும் திறன் 100-ஐத் தாண்டியும் இறங்கியும் துள்ளினால் நுண்ணிய குறுக்கிணைப்பு, அல்லது வெப்பநிலை. நுண்வகையீட்டு வரைகோட்டில் (மின்னழுத்தத்துக்கேற்பக் கொள்ளளவு மாறும் வேகத்தைக் காட்டுவது) 0.43 வோல்ட் அருகே கூர்மையான முகடு முளைத்தால், எங்கோ சிலிக்கான் அளவுக்கு மீறி நிரம்புகிறது. மொத்தத்தில் எல்லை சரியாக இருந்தும் அப்படி என்றால், பாதித் துகள்கள் செத்து, மிச்சத் துகள்கள் அவற்றின் சுமையையும் சுமக்கின்றன.

சந்தேகம் தீராவிட்டால் உறுதியான சோதனை ஒன்று உண்டு. செல்லை டிஸ்சார்ஜ் நிலையில் கிளவ் பாக்ஸுக்குள் பிரியுங்கள். ஆனோடை அலசி, புது லித்தியம், புது மின்பகுளியோடு அரைச்செல்லாகக் கட்டி, சி/20-இல் ஓட்டுங்கள். பழைய கொள்ளளவு திரும்பி வந்தால் சிலிக்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை, தீர்ந்தது லித்தியம்தான். வராவிட்டால் பொருளே தொடர்பறுந்துவிட்டது. முதலாவதற்குப் பைண்டரை மாற்றியும், இரண்டாவதற்கு எஃப்இசியைக் கூட்டியும் மாதங்களை வீணாக்குவது இந்தத் துறையில் சாதாரணம். இரண்டு நாள் சோதனை அதைத் தவிர்க்கும்.

சும்மா இருக்கும்போதும் கெடுவது

சுழற்சி ஆயுள் கைவந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. கிராஃபைட்டின் எஸ்இஐ படலம் ஓரளவில் அடங்கிவிடும். சிலிக்கானுடையது, சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்த செல்லிலும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் வளர்ந்து, லித்தியத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று சுழற்சிகள் ஓட்டும் சோதனை 1,000 சுழற்சிகளை ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவதால் இந்தக் கசிவு அதில் முழுதாகத் தெரியாது.

பல மாதம் காத்திருக்க முடியாதவர்கள் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்துப் பார்க்கலாம். உருவாக்கச் சுழற்சிகள் (தொடக்க சி/20 சுழற்சிகள்) முடிந்த முழுச்செல்லை 4.1 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்து, அதே மின்னழுத்தத்தில் சுமார் 180 மணி நேரம் நிறுத்தி, உள்ளே ஒழுகும் மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மின்னோட்டத்தில் லித்தியம் சமன்படுவதும் கலந்திருக்கும்; அதற்குப் பிறகு வரும் வால்தான் ஒட்டுண்ணி வினையின், அதாவது லித்தியத்தைத் தின்னும் வேண்டாத வினையின், வேகம். பக்கத்திலேயே அதே கேத்தோடு, அதே மின்பகுளி, வெறும் கிராஃபைட் ஆனோடு கொண்ட ஒரு செல்லையும் அதே நேரம் ஓட்டுங்கள். தனி எண்ணாக இந்த வால் அதிகம் பேசாது. கிராஃபைட்டின் வாலைவிட எத்தனை மடங்கு என்பதுதான் அடுத்த கூழில் எதை மாற்ற வேண்டும் என்று காட்டும்.